பட்டைத் தண்ணீரும் மூன்று மாதச் சர்க்கரையும்: காலை மருத்துவ நிகழ்ச்சி நடத்தும் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளில் காலை நேர மருத்துவக் குறிப்பு நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றை ஒளிபரப்பும் நிர்வாகிகளுக்கும்,

கடந்த நவம்பர் 14, உலக நீரிழிவு தினத்தன்று, உங்களில் ஒரு நிலையம் தன் பழைய நிகழ்ச்சி ஒன்றை மறுபடியும் ஒளிபரப்பியது. பட்டைப் பொடியை வெந்நீரில் கலந்து காலையும் இரவும் குடித்தால் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடும், மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்று சொல்கிற நிகழ்ச்சி. அதைப் பற்றி இரண்டு மாதம் முன்பே அந்த நிலையத்துக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தேன், ஒன்றைப் பதிவுத் தபாலில். பதில் வரவில்லை, மறு ஒளிபரப்புதான் வந்தது. என் அம்மாவின் கால் புண்ணுக்குப் போட்டிருந்த கடைசிக் கட்டைப் பிரித்து அன்றைக்கு நாலாவது நாள்.

அந்த ஒரு நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மற்றவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறீர்கள். ஒரு வாரம் பட்டை, ஒரு வாரம் வெந்தயம், ஒரு வாரம் கருஞ்சீரகம். அதனால் இந்த மடல் எல்லோருக்கும்.

நான் கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். தினமும் காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு நாலைந்து பேர் படியில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் சுகர் பார்க்க வந்தவர்கள். உங்கள் நிகழ்ச்சியில் என்ன வந்தது என்பதை நான் டிவி பார்க்காமலே தெரிந்துகொள்வேன். "பத்து நாளா பட்டைத் தண்ணி குடிக்கேன், இன்னிக்கு எவ்வளவு இருக்குன்னு பாரும்மா" என்று கை நீட்டுவார்கள். 140 இருந்தவருக்கு 122 வந்திருக்கும். முகம் மலர்ந்து போவார்கள். அந்த மலர்ச்சியைக் கெடுக்க எனக்கு மனசு வந்ததில்லை. நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கான விலை என் வீட்டிலேயே வந்தது.

அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சர்க்கரை மாத்திரைகள்: காலையும் இரவும் மெட்பார்மின், காலையில் கிளிமெப்ரைடு ஒன்று. போன வருடம் ஜனவரியில் அவளுடைய மூன்று மாதச் சர்க்கரை, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போனது என்று காட்டும் பரிசோதனை, 7.1 சதவீதம். பத்து வருடச் சர்க்கரைக்கு நல்ல கணக்கு அது. பிப்ரவரி கடைசியில் உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தாள். மறுநாளே மளிகைக் கடையில் கால் கிலோ பட்டை வாங்கி, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து என்னிடமே வந்து ரத்தம் கொடுத்தாள். வெறும் வயிற்றில் 118.

அந்த 118 எப்படி வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாளும் மாத்திரையை நிறுத்தவில்லை. பட்டைத் தண்ணீர் குடிப்பதற்காகக் காலையில் சீனி போட்ட காபியை விட்டிருந்தாள். உங்கள் நிகழ்ச்சியில் சொன்னபடி ராத்திரிச் சோற்றை நிறுத்தி இரண்டு தோசையோடு முடித்துக்கொண்டாள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டாள். இத்தனையும் சேர்ந்து இறக்கிய சர்க்கரைக்கு, பேர் மட்டும் பட்டைக்குப் போனது.

"ஏட்டி, மாத்திரையெல்லாம் இனி எதுக்கு? கிட்னியைக் கெடுக்கும்னு டிவியிலயே சொல்லுதாரே" என்றாள். நான் திட்டினேன். சரி சரி என்று தலையாட்டினாள். ஆனால் மார்ச் நடுவில் முதலில் ராத்திரி மாத்திரையை விட்டாள், பத்து நாளில் காலை மாத்திரையையும் விட்டாள். எனக்குத் தெரியாது. ஒரு தடவை 118 வந்துவிட்டதால் அப்புறம் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை. கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். சர்க்கரை ஏறினால் வலிக்காது. அதுதான் அந்த நோயின் மோசமான குணம்.

ஆடி மாதம் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். கல் கொதித்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலைக் கழுவிவிடும்போது நான்தான் பார்த்தேன், வலது உள்ளங்காலில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. அன்று எடுத்த ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை 10.4. அந்த எண்ணை இயந்திரத்தில் பார்த்ததும் கோளாறாக இருக்குமோ என்று இரண்டாம் முறை ஓட்டினேன். அதே எண். உத்தேசக் கணக்காகச் சொன்னால், நாள் முழுக்கச் சராசரியாக 250ஐச் சுற்றிச் சர்க்கரை நின்றிருக்கிறது. வீட்டுக்கு வந்து அடுக்களையைத் தேடியபோது, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பாவில் பிரிக்காத மெட்பார்மின் அட்டைகள் 21 இருந்தன. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்து இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன மாத்திரைகள். வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், கொடுக்க வந்த பெண் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலில் சூடு தெரியாமல் போனது பத்து வருடச் சர்க்கரையின் வேலை, அதை உங்கள் மேல் போட மாட்டேன். புண் ஆறாமல் ஆடியிலிருந்து கார்த்திகை நெருங்கும்வரை இழுத்ததே, அது மாத்திரையை விட்டிருந்த அந்த நாலு மாதத்தின் வேலை. இப்போது அம்மா இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள்.

உங்கள் நிகழ்ச்சியில் "வெளிநாட்டு ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு வரி வந்தது. அம்மா நம்பியது அந்த வரியைத்தான். அதனால் அதைத் தேடிப் படித்தேன். பட்டையைப் பற்றி உலகம் முழுக்கப் பேச வைத்த ஆய்வு 2003இல் வந்தது. பாகிஸ்தானில் பெஷாவரில் நடந்தது. மொத்தம் 60 பேர். முப்பது பேருக்குப் பட்டை, நாளுக்கு 1, 3, 6 கிராம் என்று பத்துப் பத்துப் பேராகப் பிரித்து. மீதி முப்பது பேருக்குப் போலி மாத்திரை. நாற்பது நாளில் பட்டை சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்தது. இதுவரைக்கும் நீங்கள் சொன்னது சரி. நீங்கள் சொல்லாமல் விட்டது இரண்டு. அந்த அறுபது பேரும் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். யாரும் மாத்திரையை விட்டுவிட்டுப் பட்டை சாப்பிடவில்லை. அடுத்தது, அந்த ஆய்வில் மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்கவே இல்லை.

மூன்று மாதச் சர்க்கரை என்று நாங்கள் சொல்வது ஹெச்பிஏ1சி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அது ரத்தத்தில் மிதக்கிற அத்தனை நாளும் கூட மிதக்கும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். இரண்டு நாள் பட்டினி கிடந்து வெறும் வயிற்றுச் சர்க்கரையை இறக்கிக் காட்டலாம். லேபுக்கு வருகிற பலர் அப்படித்தான் வருகிறார்கள், பாவம், டாக்டர் திட்டுவாரே என்று. மூன்று மாதச் சர்க்கரையை அப்படி இறக்க முடியாது. (கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கும், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் அந்த எண் தப்பாக வரலாம். அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.)

அந்த எண்ணைப் பார்த்த ஆய்வுகள் பிறகு வந்தன. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு பத்து ஆய்வுகளை, 577 பேரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பட்டை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மூன்று மாதச் சர்க்கரையில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்றது. 2013இல் வந்த இன்னொரு தொகுப்பு வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைகிறது, மூன்று மாதச் சர்க்கரை குறையவில்லை என்றது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2009இல் அமெரிக்காவில் 109 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு ஒரு கிராம் பட்டை மூன்று மாதம் சாப்பிட்டவர்களுக்கு அந்த எண் 0.83 குறைந்தது, சாப்பிடாதவர்களுக்கு 0.37. ஆனால் அங்கேயும் வழக்கமான மருத்துவம் நிற்கவில்லை, பட்டை அதோடு கூடச் சேர்ந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தன் வழிகாட்டுதலில் சர்க்கரைக்காகப் பட்டையைப் பரிந்துரைக்கவில்லை. ஆக, பட்டையால் ஒன்றுமே நடக்காது என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. மாத்திரையின் இடத்தில் அதை உட்கார வைக்க எந்த ஆய்வும் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறேன்.

வெந்தயத்தின் கதை கொஞ்சம் வேறு. அதில் நல்ல செய்தியே இருக்கிறது, அதையும் நீங்கள் ஒழுங்காகச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். ஹைதராபாதில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 100 கிராம் வெந்தயப் பொடியை, கொழுப்பு நீக்கியது, இரண்டு வேளைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தார்கள். பத்து நாளில் சிறுநீரில் போகும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. 2015இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வில், சர்க்கரை வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 140 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். நாளுக்குப் பத்து கிராம் வெந்தயப் பொடி சாப்பிட்டவர்களில் சர்க்கரை நோயாளி ஆனவர்கள் குறைவு. வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து நிறைய. வயிற்றில் கொழகொழவென்று கூழாகி, சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. வெந்தயத்தை ஊறவைத்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கொழகொழப்பு தெரியும். ஆனால் ஆய்வுகளில் கொடுத்தது விதையை அரைத்த பொடி. நீங்கள் திரையில் காட்டுவது ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ஊறவைத்து, வடிகட்டி, விதையை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் குடிப்பது. நாரில் பெரும்பகுதி அந்த ஓரத்திலேயே தங்கிவிடுகிறது.

எந்தப் பட்டை என்பதையும் நீங்கள் சொல்வதில்லை. திரையில் நீங்கள் காட்டியது மெல்லிசாக, சுருட்டுப் போல உள்ளுக்குள் உள்ளாகச் சுருண்ட சுருள் பட்டை. இலங்கைக்காரர்கள் கறுவா என்பார்கள். எங்கள் ஊர் மளிகைக் கடையில் "பட்டை" என்று கேட்டால் தருவது தடிமனான, ஒரே சுற்றாக வளைந்த, கடித்தால் பல் நோகிற பட்டை. பிரியாணிக்குப் போடுவது. அது கேசியா என்கிற வேறு மரத்தின் பட்டை, பெரும்பாலும் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவது. அதில் கூமரின் என்றொரு பொருள் இருக்கிறது. சுருள் பட்டையில் அது மிகக் கொஞ்சம், கேசியாவில் ஒரு கிராமுக்கு மூன்று மில்லிகிராமை ஒட்டிக்கூட இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள என் அம்மாவுக்கு 6 மில்லிகிராம். நீங்கள் சொன்னபடி காலை ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன் என்றால் ஐந்து கிராம் பொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 15 மில்லிகிராம் வருகிறது. எல்லோருக்கும் ஒன்றும் ஆகாது. ஒத்துக்கொள்ளாத சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். குழம்பில் போடுகிற ஒரு துண்டுப் பட்டைக்கும் தினம் இரண்டு ஸ்பூன் பொடிக்கும் உள்ள தூரத்தை யாராவது சொல்ல வேண்டாமா?

"மாத்திரை கெமிக்கல், கிட்னியைக் கெடுக்கும்" என்கிற பேச்சுதான் எனக்கு மிகவும் ஆத்திரம் வருகிற இடம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை லேபில் தினமும் பார்க்கிறவள் நான். கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. கிட்னி ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு டாக்டர்கள் மெட்பார்மினைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள், அது வேறு. அதைப் பார்த்த ஜனங்கள் மாத்திரையால்தான் கிட்னி போனது என்று தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் அந்தத் தலைகீழை நேராக்காமல், வெள்ளைக் கோட்டு போட்டவர் வாயால் இன்னும் உறுதியாக்குகிறீர்கள். அந்த மெட்பார்மினும் ஒரு செடியிலிருந்து தொடங்கிய கதைதான். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் இருந்த ஒரு பயறு இனச் செடியின் சத்தை ஆராய்ந்துபோன வழியில் கிடைத்தது. 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். செடியில் இருந்ததை அளந்து, சோதித்து, பாதகமானதை ஒதுக்கி, இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு குறையும் என்று தெரிந்துகொண்டபின் வந்தது மாத்திரை. பட்டைக்கு அந்த வேலை இன்னும் முடியவில்லை.

ஒரு புள்ளி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று நினைப்பவர்களும் உண்டு. பிரிட்டனில் பல வருடம் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வின் கணக்கு 2000இல் வெளியானது. மூன்று மாதச் சர்க்கரை ஒரு புள்ளி குறைவாக இருந்தால், கண், கிட்னி போன்ற நுண்ணிய ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. அம்மாவுக்கு நாலு மாதத்தில் ஏறியது மூன்று புள்ளிக்கு மேல்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. அதற்கு முந்தைய நிலையில் இன்னும் 13.6 கோடிப் பேர். அத்தனை பேரில் எத்தனை பேர் காலையில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்! ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைப்பது மூன்று நிமிடம். உங்களுக்கு அரை மணி நேரம், தினமும், அவர்கள் வீட்டுக்குள்ளேயே. உங்களிடம் கோபப்படுகிறேன் என்றால் அந்த அரை மணியின் மதிப்பு தெரிந்துதான் கோபப்படுகிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

நவம்பர் 14 அன்று மறு ஒளிபரப்புச் செய்த நிலையம் அந்த நிகழ்ச்சியை இணையத்திலிருந்து நீக்க வேண்டும். அதே காலை நேரத்தில், அதே அளவு நேரம் எடுத்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று திருத்தம் சொல்ல வேண்டும். கீழே ஓடுகிற பொடி எழுத்தில் போட்டால் என் அம்மாவால் படிக்க முடியாது. வாயால் சொல்லுங்கள்.

சமையல் பொருள் எதையாவது சர்க்கரைக்கு நல்லது என்று காட்டுகிற ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, "இது மாத்திரைக்குப் பதில் அல்ல" என்று நடத்துபவர் சொல்ல வேண்டும். கூடவே, மாத்திரையும் போட்டுக்கொண்டு, இதையும் குடித்து, சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

குளுக்கோமீட்டரில் விரலைக் குத்தி ஒரே ஒரு எண்ணைக் காட்டி "பாருங்கள் குறைந்துவிட்டது" என்பதை நிறுத்துங்கள். கட்டுப்பாடு என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டுமானால், அந்த நபரின் மூன்று மாதச் சர்க்கரையை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, அந்தக் காலத்தில் அவர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதோடு சேர்த்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

பட்டை என்றால் எந்தப் பட்டை, எத்தனை கிராம், எத்தனை நாள், யார் சாப்பிடக் கூடாது என்பதைச் சொல்லுங்கள். ஈரல் கோளாறு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் பெயர் சொல்லி விலக்குங்கள்.

பேச வருபவர் என்ன படித்தவர், அவர் பொடியோ லேகியமோ விற்கிறாரா, அந்த அரை மணிக்கு அவர் உங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறாரா என்பதை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் சொல்லுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதை 1954இலேயே நம் சட்டம் தடுத்துவிட்டது, அந்தச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு பெயரோடு இருக்கிறது. ஒரு உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் தடுக்கின்றன. விளம்பரத்துக்கு "மருத்துவக் குறிப்பு" என்று பெயர் வைத்து அந்த விதிகளைத் தாண்டாதீர்கள்.

வாரத்தில் ஒரு காலை மட்டும், பட்டைக்கும் வெந்தயத்துக்கும் கொடுக்கிற அந்த நேரத்தை, ராத்திரி படுக்கப்போகும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது எப்படி என்று காட்டக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைப்பதைச் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரை என்றால் என்ன என்று விளக்குங்கள். ஒரு லேப் டெக்னீஷியன் வந்து விளக்க வேண்டுமென்றால், சம்பளம் வேண்டாம், பஸ் கட்டணம் வேண்டாம், நான் வருகிறேன்.

இந்த மடலின் பிரதியை, நான் முன்பு அனுப்பிய இரண்டு கடிதங்களோடும், அம்மாவின் ஜனவரி, ஜூலை மாத ரிசல்ட்டுகளோடும் சேர்த்து, சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு மறுபடியும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளில் எழுத்தில் பதில் கேட்கிறேன்.